ஒரு நிமிடம் நாற்பது செக்கன்

பெயரில் பாதியைக் கறையான் தின்றிருந்தது.
மிச்சம் ஒரு குடைப் படம்,
அறுபத்தேழு என்ற ஆண்டு,
இது பி பக்கம் என்று சொல்கிற ஒற்றை எழுத்து.

மட்கோச் சந்தி, நிஸ்தாரின் பழைய சாமான் கடை.
கழுத்து முறிந்த மேசைவிசிறி வாங்கப் போனவள் நான்.
விசிறிக்கு அடியில் தட்டோடு தட்டாகக் கிடந்தது.
யாரோ அதில் மெழுகுதிரி ஏற்றியிருக்கிறார்கள்,
ஓரத்தில் இன்னும் ஒரு சொட்டு வெள்ளை.

"தேயிலை ஏத்த வந்த கப்பல்காரன்
சாராயக் கடனுக்கு வைச்சிட்டுப் போனது" என்றான்.
அடுத்த கிழமை கேட்டால்
டொக்யாட் வெள்ளைக்காரனின் மகள் விட்டுப்போனது.
நேவி ஐம்பத்தேழிலேயே போயிற்றே, நிஸ்தார்?
"அப்ப அது வேற மகள்."

பாலையூற்றில் மொறீன் பல்தசாரிடம்
சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயர்,
ஆறு டோர்ச் பற்றரியில் சுற்றும்.
கறண்ட் இல்லாத வருசம் அது.
ஐஸ் கொம்பனியில் கணக்கெழுதும் எனக்கு
எழுத ஐஸ் இல்லாத வருசம்.

ஊசி விழுந்தது.
முதலில் தூசி பொரிந்தது.
பிறகு ஒரு பொடியன், மூக்கால் பாடுகிறான்:
அவனுடைய மாமியின் தொப்பிக்குள் ஒரு கடைத்தெருவாம்,
செவ்வாய்க்கிழமை மட்டும் திறக்குமாம்.
பின்னால் சித்தார்.
பதினொரு நாள் பழகியவன் வாசிக்கிற சித்தார்,
சுருதிக்குப் பக்கத்தில் கூட இல்லை,
ஆனால் வெட்கமே இல்லை.

கிழக்கே ஒரு துறைமுகம் என்றான்,
அங்கே மணிக்கூடு கிடையாது, மரங்கள் பேசும் என்றான்.
கிழக்கே இருந்த நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்தோம்.
ஏழு பத்து. எட்டரைக்குக் கறண்ட்.
ஒழுங்கையில் மாடொன்று
தேர்தல் சுவரொட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது.
மொறீன் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

ஒரு நிமிடம் நாற்பதாவது செக்கனில்
கிற்றார் பின்னோக்கிப் போகத் தொடங்கியது.
நாடாவைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள்.
ஒவ்வொரு ஒலியும் தன் முடிவில் பிறந்து
வந்த வழியே உறிஞ்சப்பட்டது,
சிப்பியும் கல்லும் சேர்த்து இழுக்கிற மாதிரி,
கீழே தரை தெரிகிற மாதிரி.

மொறீன் ஊசியைத் தூக்கினாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை.
அந்த ஞாயிறு காலை அவள் உப்புவெளியில் நின்றவள்.
கடல் உள்ளே போக,
துடிக்கிற மீன் பொறுக்கப் பொடியள் ஓடியதைப் பார்த்தவள்.

பிறகு பதினேழு தடவை போட்டிருப்போம்.
பதினேழு தடவையும் அந்த இடத்தில் அவள் கை.
பாட்டின் மிச்சம் எவ்வளவு என்று
தட்டைச் சரித்துப் பிடித்துப் பார்ப்பேன்:
ஒரு விரல் அகலக் கறுப்பு, மினுக்கமாக,
ஊசியே படாதது.

பற்றரி விலை மூன்று மடங்காயிற்று.
இருந்ததையே வெயிலில் காயவைத்துப் போட்டோம்.
பொடியனுக்கு வயது ஏறியது.
குரல் தடித்து, இழுபட்டு,
மாமியின் கடைத்தெரு
புதன், வியாழன் என்று பிந்திக்கொண்டே போனது.
ஆவணி முடிகையில்
கிற்றார் திரும்பும் இடத்துக்கு வரவே
இரண்டரை நிமிடம் பிடித்தது.

அவள் கை எழும்பியது.
அப்படியே நின்றது.

அது கடல் இல்லை.
அவ்வளவு மெதுவில் அது
பழைய கதவொன்றை யாரோ
வீட்டில் தூங்குகிறவர்களுக்காகப் பார்த்துப் பார்த்துச் சாத்துவது.
பிறகு சித்தார், இன்னும் சுருதி சேராமல்.
பிறகு பாட்டே இல்லை.
ஒருவன் இருமுகிறான்.
கோப்பைக்குள் கரண்டி சுற்றுகிறது,
இரண்டு சுற்று, அரைச் சுற்று...
தட்டு நின்றுவிட்டது.

எட்டரைக்குக் கறண்ட் வந்தது.
கழுத்தில் கட்டுப்போட்ட விசிறி
ஒரு பக்கமாகத் தலையாட்டத் தொடங்கியது.
மொறீன் கையை இறக்கி மடியில் வைத்தாள்,
யாருடையதோ போல அதைப் பார்த்தாள்.

மற்றப் பக்கத்தில் என்ன இருக்கும் என்றேன்.

"பற்றரி வாங்கிக்கொண்டு வா" என்றாள்.